சுமைதாங்கியும் நடுகல்லும்



கிறித்தவ நெறியில் கொடை என்பது இவ்வுரைக்கு இடப்பட்ட தலைப்பு. ஆயினும் தகடூரில் நின்று கொடையைப் பற்றிப் பேசுவோர் எவரும் நெல்லிக்கனியைத் தொடாமல் மேலே செல்ல இயலாது. அதியமான் நெடுமான் அஞ்சி அக்கனியை ஔவைக்கு ஈந்த செய்தி தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்ததே. எனினும் அச்செய்தியில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு கூறு உண்டு. கனியின் பயனை அவன் முன்னரே சொல்லவில்லை. அரிதின் முயன்று பெற்றது, உண்டாரை நெடுநாள் வாழ்விப்பது என்பதையெல்லாம் தன் உள்ளத்தே அடக்கிக்கொண்டு கொடுத்தான். ஔவையின் புறநானூற்றுப் பாடல் அவனைப் புகழ்வதும் இந்த அடக்கத்தைக் குறித்தே. சொல்லியிருந்தால் அவள் உண்டிருக்க மாட்டாள். கொடுத்தவனுக்கே திருப்பித் தந்திருப்பாள்.

மலைப்பொழிவில் இயேசு பெருமான் ஈகையைப் பற்றிச் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. தெருக்களில் எக்காளம் ஊதிக்கொண்டு தருமம் செய்வோரை அவர் கடிந்துகொள்கிறார். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்னும் கருத்தை மத்தேயு நற்செய்தியின் ஆறாம் இயல் பதிவு செய்துள்ளது. இங்கே தமிழ்ப் புலவர்க்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ஈகையையும் புகழையும் இணைத்தே பேசிப் பழகியது தமிழ் மரபு. பாணாற்றுப்படையும் கூத்தராற்றுப்படையும் கொடுத்தவன் பெயரை ஊரறியச் சொல்வதற்கென்றே பிறந்தவை. கொடை மறைந்திருக்க வேண்டுமானால் பாட்டு எதைப் பாடுவது? இக்கேள்விக்கு ஏட்டில் விடை தேடுவதைவிட இம்மாவட்டத்துச் சாலையோரத்தில் தேடுவது பயனுடையது.

தருமபுரி நடுகற்களின் நாடு. செங்கத்து நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் படியெடுத்து நூல்களாக வெளியிட்ட பின்னர் இதனை உலகம் நன்கறிந்தது. ஆநிரை மீட்டு இறந்தவன், ஊர்காத்து வீழ்ந்தவன், புலியொடு பொருது மடிந்தவன் என ஆடவர் இறப்பெல்லாம் கல்லாய் நிற்கின்றன. வில்லும் வாளும் கையிலேந்திய உருவம், அருகே பெயர், சிலவற்றில் நாய்கூட உண்டு. அதியமானுக்கே கல் நட்டார்கள். பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை உகுத்தார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கள்ளைக் கொள்வானோ என்னும் பொருள்பட ஔவை கலங்கி நின்றதும் அக்கல்லின் முன்னரே.

இன்னொரு வகைக் கல்லும் இம்மண்ணில் உண்டு. அதற்கு உருவம் இல்லை, வழிபாடு இல்லை, பீலியும் கள்ளும் இல்லை. நிலத்தில் நட்ட இரண்டு கற்கள். அவற்றின் மேல் குறுக்கே கிடத்திய ஒரு பலகைக்கல். உயரம் நான்கைந்து அடி. தமிழகத்தின் பழைய வழிகளிலெல்லாம் காணப்படும் இதற்குச் சுமைதாங்கி என்று பெயர். சிலவற்றில் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். பலவற்றில் எழுத்தே இராது.

சந்தைக்குத் தலைச்சுமையாய்ப் புளியும் கேழ்வரகும் கொண்டு நடந்தவர்களுக்கு அக்கல்லின் அருமை தெரியும். தலையில் ஏற்றிய மூட்டையை வழியில் தனியாய் இறக்குவது எளிதன்று. இறக்கிவிட்டால் மீண்டும் ஏற்றுவது அதனினும் கடினம். தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். ஆளில்லா வழியில் அந்த ஆளாய் நிற்பதே சுமைதாங்கி. தலையிலிருந்து அப்படியே கல்லின்மேல் நகர்த்தலாம். சும்மாட்டை எடுத்து வியர்வை துடைக்கலாம். மூச்சு வாங்கியபின் மீண்டும் தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். குனிய வேண்டியதில்லை. யாரையும் அழைக்க வேண்டியதில்லை. எந்தச் சாதி என்று கல் கேட்பதில்லை. வந்தவரின் சுமையை அது தனதாக்கிக் கொள்வதுமில்லை. சிறிது நேரம் தாங்கி, உரியவரிடமே திருப்பித் தந்துவிடுகிறது.

இக்கல்லை யார் நினைவாக நட்டார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெற்றெடுக்காமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவதே வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கிவைக்க முடியாமல் போனாள் அவள். அவள் பொருட்டு, வழிப்போவார் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம். அவ்வாறு செய்தால் அவள் ஆவி ஆறுதல் பெறும் என்று நம்பினர். போர்க்களத்தில் மாண்ட ஆடவனுக்கு நடுகல். பிள்ளைப்பேற்றுக் களத்தில் மாண்ட பெண்ணுக்குச் சுமைதாங்கி. ஆடவன் கல் பலி வாங்குகிறது; பெண்ணின் கல் வேலை செய்கிறது! சங்கப் பாடல்கள் நடுகல்லைப் பாடின. சுமைதாங்கியைப் பாடிய பெரும் புலவர் யாரும் இலர். இது தமிழ்க் கவிதைக்கு உள்ள பழைய கடன்.

கிறித்தவ மறையில் சுமையைப் பற்றிய மிக நுட்பமான பகுதி, புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் இயலில் உள்ளது. ஒருவர் சுமையை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் தொடரில் சொல்லும் பவுல், ஐந்தாம் தொடரில் அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டியிருக்கும் என்கிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் பாரம் என்னும் ஒரே சொல் வருவதால், படிப்போர்க்கு இது முன்னுக்குப் பின் முரண்போல் தோன்றும். கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு வேறு. முதற்சொல்லாகிய பாரோஸ் என்பது ஆளை அழுத்தி வீழ்த்தும் பளுவைக் குறிக்கும். இரண்டாவதாகிய ஃபோர்த்தியோன் என்பது வழிநடப்போன் தோளில் கொண்டுசெல்லும் தன் மூட்டை. நசுக்கும் பளுவைப் பகிர்ந்துகொள். ஆனால் ஒருவன் தன் மூட்டையைத் தானே சுமக்கும் உரிமையை அவனிடமிருந்து பறித்துவிடாதே. சுமைதாங்கிக் கல்லைக் கண்டவர்க்கு இவ்விரண்டு தொடரும் முரணாகத் தோன்றா. கிரேக்கம் கற்ற விரிவுரையாளர்கள் பக்கம் பக்கமாக விளக்கியதை ஒரு கொத்தன் மூன்று கற்களால் விளக்கிவிட்டான் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு கிறித்தவர் செய்த கொடைகளைப் பார்ப்பது தகும். கிறித்தவர் செய்ததெல்லாம் கொடை என்று கைதட்டுவதும் தகாது; எல்லாம் மதம் மாற்றும் தூண்டில் என்று தள்ளுவதும் தகாது. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் இரண்டு வகையும் இருந்தன. தாது ஆண்டுப் பஞ்சம் என்று முதியோர் சொல்லிவந்த அப்பஞ்சம், தருமபுரியை உள்ளடக்கிய பழைய சேலம் மாவட்டத்தைக் கொடுமையாக வாட்டியது. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 லட்சத்து 67 ஆயிரம் அளவில் இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881ஆம் ஆண்டில் 16 லட்சமாகக் குறைந்துபோயிற்று. இயல்பாகக் கூடியிருக்க வேண்டியதையும் சேர்த்து எண்ணினால் இழப்பின் அளவு விளங்கும். அந்நாளில் பேரரசின் சார்பில் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877ஆம் ஆண்டில் கூலியைச் சுருக்கினார். அரசின் தராசு எதை எடை போட்டது என்பதற்கு அது ஒன்றே சான்று.

அதே பஞ்சத்தில் மாயூரத்தில் ஒரு கிறித்தவத் தமிழர் தம் கைப்பொருளை எல்லாம் கஞ்சித்தொட்டியில் ஊற்றினார். முன்சீபாக இருந்து ஓய்வுபெற்றிருந்த வேதநாயகம் பிள்ளை அவர்களே அவர். தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் என்று போற்றப்படுபவர். பசித்து வந்தவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று அவர் கேட்டதாகச் செய்தி இல்லை. நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சிவநெறிச் செல்வர், இக்கத்தோலிக்கரைப் புகழ்ந்து ஒரு பாடலே இயற்றினார். மனிதரைப் பாடுவதில்லை என்ற கொள்கையுடையவரே நெகிழ்ந்து பாடினார் என்று இசையுலகில் சொல்லி மகிழ்வதுண்டு. வலக்கை செய்ததை வேதநாயகர் தம் இடக்கைக்குச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருப் பாவலர் சொல்லிவிட்டார். புகழைத் தேடுவதற்குத்தான் மறையில் தடை. நன்றி கூறுவதற்குத் தடையில்லை. மேலே எழுப்பிய இடர்ப்பாட்டுக்கு இது ஒரு பாதி விடை.

வடக்கே ஒங்கோலில் ஜான் கிளவ் என்னும் அமெரிக்க பாப்திசுத் தொண்டர் அப்பஞ்சத்தில் செய்தது வேறு வகை. இலவசக் கஞ்சி ஊற்றுவதோடு அவர் நிற்கவில்லை. பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் நீளம் வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடம் தாமே எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்கு வேண்டி வந்தபோது பஞ்சம் நீடிக்கும்வரை எவர்க்கும் கொடுக்க மறுத்தார். கஞ்சிக்காக மதம் மாறினான் என்னும் பழி அவர்களுக்கும் வேண்டாம், தமக்கும் வேண்டாம் என்பது அவர் எண்ணம். பஞ்சம் தணிந்தபின் 1878ஆம் ஆண்டு சூலையில் ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வெண்ணிக்கையை வெற்றிமுழக்கமாக அச்சிட்டவர்கள் பலர். உண்மையில் போற்றத்தக்கது அந்த நாளன்று, அதற்கு முன் காத்திருந்த மாதங்களே. உணவு கொடுக்கும் கையில் அதிகாரம் ஒளிந்திருப்பதை அறிந்து அதை அடக்கி வைத்திருந்தார் அவர். எல்லாத் தொண்டரும் அவ்வாறு அடக்கி வைத்தனர் என்று சொல்ல வரலாறு இடந்தராது.

இனிச் சுமைதாங்கியின் கதைக்கே திரும்பலாம். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவு. அமெரிக்க மருத்துவத் தொண்டர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், விருந்தாளியைப் போல் பெற்றோரைக் காண வந்திருந்தவர். இந்தியாவில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அவ்விரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் உயர்குடி இந்து. மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் துடித்துக்கொண்டிருந்தனர். தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடுவதை மூவருமே ஏற்கவில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று வந்தவர்கள், இல்லை என்றறிந்து திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தனர்.

மூன்று பெண்கள், பிறவாத பிள்ளைகளோடு. பழைய வழக்கப்படி மூன்று சுமைதாங்கிகள் எழுந்திருக்க வேண்டும். எழுந்தது ஒரு மருத்துவமனை. ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1899ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டில் வேலூருக்கு வந்தார். ஷெல் என்னும் நியூயார்க்கு வங்கியாளர், இறந்துபோன தம் மனைவி மேரி டேபரின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு 1902ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவமனை திறக்கப்பட்டது. மனைவியை இழந்தவன் பிறர் சுமையை இறக்க ஓர் இடம் அமைத்தான். கல்லுக்குப் பதில் செங்கல், அவ்வளவே. 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. இன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி என்று உலகமறிந்த நிறுவனத்தின் தொடக்கம் இது. வங்கியாளரின் கொடை பெரிது. ஆயினும் அவர் கொடுத்தது செல்வத்தின் ஒரு பகுதி. ஐடா 1960ஆம் ஆண்டில் கோடைக்கானலில் கண்மூடும்வரை தம் வாழ்நாளையே கொடுத்தார். குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்தோறும் வண்டியை நிறுத்தி அவர் மருத்துவம் பார்த்ததை எண்ணும்போது, நகரும் சுமைதாங்கி ஒன்று கண்முன் தோன்றும்.

வேலூரிலிருந்து திருப்பத்தூருக்கு வருவோம். 1911ஆம் ஆண்டுவரை திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிருட்டிணகிரியும் தருமபுரியும் அதுவும் ஒரே பாராமகால் நாடு. (பாராமகால் என்பதில் உள்ள பாரா பன்னிரண்டு என்று பொருள்படும் இந்துத்தானிச் சொல். சுமை என்னும் பாரம் அன்று. ஆயினும் இந்நாட்டின் வறட்சியைக் கண்ட எவரும் இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிழை சொல்ல முடியாது.) அத்திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டில் கிறித்துகுல ஆசிரமம் தோன்றியது. நிறுவியவர் இருவர். ஒருவர் பாளையங்கோட்டையில் பிறந்த சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். இருவரும் பிரித்தானியாவில் பயின்ற மருத்துவர்கள். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, தரையிலமர்ந்து உண்டு, ஏழை உழவர்க்கு மருத்துவம் செய்தனர்.

அவர்களை ஊரார் அழைத்த பெயர்களில்தான் வரலாறு அடங்கியிருக்கிறது. ஏசுதாசனார் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆண்டு 1921 என்பதை மறத்தலாகாது. வெள்ளையர் எந்த அறைக்குள் நுழைந்தாலும் நாற்காலி காலியாகும் காலம் அது. திருச்சபைக்குள்ளும் வெள்ளைத் தொண்டர் கட்டளையிடுபவர், இந்தியர் கீழ்ப்பணியாளர். அக்காலத்தில் செல்வமும் நிறமும் உடைய ஒருவர், கறுத்த தமிழர் ஒருவரை அண்ணன் என்று ஏற்று, தாம் தம்பி இடத்தில் அமர்ந்தார். பணத்தை ஈவது எளிது என்று பேட்டனின் வாழ்வைப் படிப்பவர்க்குத் தோன்றும். இடத்தை ஈவதே அரிது. 1932ஆம் ஆண்டில் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் நின்றிருந்தபோது காவலர் அவரைத் தாக்கினர். பிரித்தானிய நாடாளுமன்றத்திலேயே அது குறித்துக் கேள்வி எழுந்தது. கதர் அணிந்த வெள்ளையரின் மேல் தடி விழுந்தபோது, அன்றாடம் தமிழர் முதுகில் விழுந்துகொண்டிருந்த அடி ஒரு பொழுதேனும் பகிர்ந்துகொள்ளப்பட்டது. ஆசிரமத்தின் ஆலயம் திராவிடக் கோயில் அமைப்பில் கோபுரத்தோடு எழுப்பப்பட்டது என்பதையும் கட்டடக்கலை ஆர்வலர் அறிவர். வந்தவர் குனியாமல் சுமை இறக்கத் தக்க உயரத்தில் கல்லை நடுவது எப்படியோ, அப்படித்தான் இதுவும். ஊரார்க்குப் பழகிய வடிவத்தில் வழிபாட்டை அமைத்தார்கள்.

இதுவரை சொன்னவை பெருமைக்குரியவை. இம்மாவட்டத்தின் பெருமைக்கு உரியதல்லாத ஒன்றையும் இம்மேடையில் சொல்லியாக வேண்டும். பெண்மகவைச் சுமை என்று கருதிப் பிறந்தவுடன் கொன்ற ஊர்களின் பட்டியலில் தருமபுரியின் பெயரும் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 1992ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டில் அது தருமபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. கொல்ல வேண்டாம், தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள் என்பதே அத்திட்டம். உயிர்கள் பிழைத்தன, அதை எவரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆயினும் தொட்டிலுக்கும் சுமைதாங்கிக்கும் உள்ள வேறுபாட்டைப் புலவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சுமைதாங்கியில் இறக்கியவன் மூச்சு வாங்கியபின் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு போகிறான். தொட்டிலில் இறக்கியவள் வெறுங்கையோடு திரும்புகிறாள். பிள்ளையைப் பளுவாக்கியவை சீதனமும் வறுமையும். அவை அவள் தலையைவிட்டு இறங்கவே இல்லை. அவள் இறக்கியது பளுவை அன்று. பவுல் சொன்ன இரண்டாம் சொல்லுக்குரிய தன் சொந்த மூட்டையை. எந்தக் கொடை உரியவரிடம் உரியதைத் திருப்பித் தருகிறது, எது பறித்துக்கொண்டு விடுகிறது என்று கேட்காமல் அறக்கொடை பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இம்மாவட்டத்தின் மலைகளில் சுமை என்பது உவமை அன்று. பென்னாகரம் பகுதியின் கோட்டூர் மலைக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது வாக்கு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறின. கழுதை ஏறும் பாதையில் கருவுற்ற பெண் எப்படி இறங்குவாள்? தூளி கட்டித் தோளில் தூக்கி வரவேண்டும். இருவர் முன்னும் பின்னும். மாற்றிக்கொள்ள இன்னும் நால்வர். மலையூர்க்காரர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் பிறர் சுமையைத் தோளில் சுமந்தவரே. அவர்களுக்கு எவரும் விளக்கவுரை சொல்ல வேண்டியதில்லை.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. மலையாளிப் பழங்குடியினரும் இலம்பாடியரும் வாழும் இடம். மருத்துவம் வேண்டின் அரூருக்கோ அதற்கும் அப்பால் சேலத்துக்கோ போக வேண்டியிருந்தது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்த பள்ளத்தாக்கு அது. 1993ஆம் ஆண்டில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவ இணையர் அங்கே பழங்குடியினர் நலவாழ்வுக்கான அமைப்பொன்றைத் தொடங்கினர். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்று, காந்திகிராமத்தில் பணியாற்றிவிட்டு, எங்கே தேவை மிகுதி என்று தேடிவந்து தங்கியவர்கள். முதல் மருத்துவமனை ஊர்மக்கள் உடனிருந்து கட்டிய ஒரு மண்குடிசை. கட்டில் இல்லை, நோயாளிகள் தரையிலேயே படுத்தனர். மகப்பேறும் அங்கேதான், அறுவை மருத்துவமும் அங்கேதான்.

கொடை என்ற அளவில் இதைச் சொல்லி முடித்தால் மருத்துவர் இருவருக்கு ஒரு வாழ்த்துப்பா எழுதிவிட்டுக் கலைந்து போகலாம். ஆனால் அங்கே நடந்தது அதைவிடப் பெரிது. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டிருந்த பழங்குடிப் பெண்களையே தேர்ந்து செவிலியராகப் பயிற்றினர். ஒவ்வோர் ஊரிலிருந்தும் மூத்த பெண்கள் நலவாழ்வுத் துணையாளராக வந்து கற்றுத் தம் ஊர்க் கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் கவனித்தனர். மகப்பேற்றின் தீட்டும் அச்சமும் அறிந்த அவர்கள் சொன்னால் ஊர் கேட்டது. ஆயிரத்துக்கு 147 என்றிருந்த குழந்தை இறப்பு இருபது என்னும் அளவுக்குக் குறைந்தது. பின்னர் உழவர்கள் இயற்கை வேளாண்மைக்கு ஒரு சங்கம் கண்டனர். மறந்துபோயிருந்த இலம்பாடிப் பூத்தையலைப் பாட்டிமார் இருவரிடமிருந்து இளம்பெண்கள் மீண்டும் கற்றுத் தொழிலாக்கினர். அத்தொழிலுக்கு அவர்கள் இட்ட பெயர் பொற்கை. அவர்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். முதியோர் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டி மருத்துவம் பெறும் ஏற்பாடும் உண்டு. முற்றும் இலவசமாகவே கொடுத்திருக்கலாம். அந்தச் சிறு தொகை, முதியவர் கையில் அவர் மூட்டையை விட்டுவைக்கிறது.

இவ்வமைப்பைக் கிறித்தவத் தொண்டு என்று உரிமை பாராட்ட எவருக்கும் இடமில்லை. திருச்சபை எதுவும் அதை நிறுவவில்லை. காந்தியடிகளின் கருத்துகளே அதன் ஊற்று. கிறித்தவக் கொடையைப் பற்றிய உரையில் அது ஏன் என்று அவையில் ஒருவர் கேட்கலாம். லூக்கா நற்செய்தியின் பத்தாம் இயலே அதற்கு விடை. கள்வர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் குருவும் இலேவியனும் கண்டும் விலகிப் போயினர். நின்றவன் யூதர் தொடவும் அஞ்சிய சமாரியன். அயலான் யார் என்று கேட்ட மறைவல்லுநனுக்கு, தம் மரபுக்கு வெளியே இருந்த ஒருவனையே இயேசு பெருமான் எடுத்துக்காட்டினார். அவன் செய்ததையும் வரிசையாக எண்ணலாம்: எண்ணெய் வார்த்துக் கட்டினான், தன் விலங்கின்மேல் ஏற்றினான், ஆகவே தான் நடந்தான், சாவடியில் ஓர் இரவு உடனிருந்தான், மறுநாள் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். கிறித்தவப் பிரசங்கங்களில் எண்ணெயும் காசும் அடிக்கடி வருகின்றன. அவன் நடந்ததும் திரும்பி வருவேன் என்றதும் அத்துணை வருவதில்லை. அடிபட்டவனின் பெயரும் கதையில் இல்லை, சமாரியனின் பெயரும் இல்லை.

பெயரில்லாக் கதைகளையும் பெயரில்லாக் கற்களையும் என்ன செய்வது என்பது இவ்வட்டத்தின் பாவலர்கள் முன் உள்ள வேலை. தருமபுரி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்றது. கிளைச்சாலைகளும் ஒவ்வொன்றாய் அகன்று வருகின்றன. சாலை அகலும்போது ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கியே முதலில் பெயர்கிறது. தலைச்சுமை நின்று சுமையுந்து வந்தபின் அதன் பயன் பலர்க்குத் தெரியவில்லை. துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்கால் பாலமாகவும் கிடப்பவை உண்டு. நடுகற்களுக்குத் தொல்லியல் துறை வந்தது, அருங்காட்சியகம் வந்தது. சுமைதாங்கிக்கு இன்னும் எவரும் வரவில்லை.

இவ்வட்டத்து உறுப்பினர்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் என மாவட்டம் முழுதும் பரவியிருப்பவர்கள். ஆசிரியர்கள் பலர், அஞ்சல் ஊழியர் சிலர். பதினோராம் ஆண்டில் ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சாலையில் நிற்கும் கற்களைக் கண்டு, எழுத்திருந்தால் படியெடுத்து, எழுத்தில்லையெனில் அவ்வூர் மூதாட்டியரிடம் கேட்டு, எந்தப் பெண்ணுக்காக நட்டது, எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள், நட்டவர் கணவரா, தாய்வீட்டாரா என்பதைக் குறித்துக்கொண்டு வருதல் கூடும். மூதாட்டியர் எண்பதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அடுத்த தை மாதக் கூட்டத்துக்குள் பாதிக் கற்களின் பெயரேனும் கிடைத்தால் போதும்.